ஒரே சாப்பாடு, வெவ்வேறு உடல்: எடையில் பரம்பரையின் பங்கு எவ்வளவு, நம் பங்கு எவ்வளவு?

உடல் எடை, சர்க்கரை, கல்லீரலில் கொழுப்பு ஆகியவற்றுக்காக எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு வருவோரிடமிருந்து இரண்டு கேள்விகளை நாங்கள் ஏறத்தாழ நாள்தோறும் கேட்கிறோம். “அண்ணன் தினமும் பரோட்டா சாப்பிட்டும் ஒல்லியாத்தான் இருக்காருங்க, நான் அளவாச் சாப்பிட்டும் ஏன் இப்படிப் பெருக்கறேன்?” என்பது ஒன்று. “அப்பா, பெரியப்பா, அத்தை எல்லாருக்கும் இதே உடம்புதானுங்க, இதுல நான் என்ன செய்ய முடியும்?” என்பது மற்றொன்று. முதற்கேள்வியில் தன்மீதே கொண்ட குற்றவுணர்வு இருக்கிறது. இரண்டாவதில் நம்பிக்கையிழப்பு இருக்கிறது. இரண்டிலும் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதியை அறிந்துகொண்டால் குற்றவுணர்வும் குறையும், செய்வதற்கு வேலையும் இருக்கும். அதற்காகவே இக்கட்டுரை.

மாறியது எது?

தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் அதிக எடையோ உடற்பருமனோ கொண்ட பெண்கள் 2015-16-இல் 30.9 சதவீதமாக இருந்தனர். 2019-21-இல் அது 40.4 சதவீதமாக உயர்ந்தது. ஆண்களிடம் 28.2 சதவீதம் 37 சதவீதமாயிற்று. நான்கைந்து ஆண்டுகளில் ஒரு மக்கள்கூட்டத்தின் மரபணுக்கள் மாறிவிடுவதில்லை. ஆகவே இந்த உயர்வுக்குக் காரணம் சூழல்தான்.

கோபி சாலையும் தேசிய நெடுஞ்சாலையும் சந்திக்கும் பெருமாநல்லூர் வட்டாரத்தில் இந்த மாற்றத்தை விளக்கத் தேவையில்லை. கிணற்றடியிலும் காட்டிலும் உழைத்த தலைமுறையின் பிள்ளைகள் இன்று பவர் டேபிளில் அமர்ந்து தைக்கிறார்கள்; செக்கிங் மேசையிலும் கணினி முன்னும் நாளைக் கழிக்கிறார்கள். வேலை கடினமானதுதான். ஆனால் அக்கடினம் கண்ணுக்கும் முதுகுக்கும் உரியது. தசைகள் எரிபொருளைச் செலவிடும் உழைப்பு அன்று. கம்பங்கூழும் ராகிக்களியும் கொள்ளும் இருந்த தட்டில் தீட்டிய அரிசியும் மைதாவும் அமர்ந்துவிட்டன. ஒன்றரை ஷிப்ட் முடிப்பதற்குள் நான்கைந்து டீயும் உடன் பன்னோ போண்டாவோ சேர்ந்துவிடுகின்றன.

எனினும், ஒரே கம்பெனியில் ஒரே வேலை செய்து, ஒரே டீக்கடையில் சாப்பிடும் இருவரில் ஒருவர் பெருப்பதும் மற்றவர் பெருக்காததும் கண்கூடு. இந்த வேறுபாட்டில்தான் மரபணுக்களின் பங்கு தெரிகிறது.

நூறு நாள் சோதனை

கனடாவைச் சேர்ந்த கிளாட் புஷார்டும் அவர்தம் குழுவினரும் 1990-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரே மரபணுத் தொகுதி கொண்ட 12 இணை இரட்டைச் சகோதரர்களைக் கண்காணிப்பில் தங்கவைத்து, வாரத்தில் 6 நாள், நாளொன்றுக்கு 1,000 கலோரி கூடுதலாக உண்ணச் செய்தனர். 100 நாள் முடிவில் சராசரியாக 8.1 கிலோ எடை கூடியிருந்தது. ஆனால் குறைவாகக் கூடியவருக்கு 4.3 கிலோ, அதிகமாகக் கூடியவருக்கு 13.3 கிலோ. ஒரே அளவு கூடுதல் உணவுக்கு மூன்று மடங்கு வேறுபாடு. அதே வேளையில் இரட்டையர் இருவரும் ஏறக்குறைய ஒரே அளவில் பெருத்தனர். கொழுப்பு சேர்ந்த இடமும் பெரும்பாலும் ஒத்திருந்தது.

ஆய்வகச் சுண்டெலிகளிலும் இதே நிலைதான். கொழுப்பு மிகுந்த தீவனத்தை இருவகை எலிகளுக்குக் கொடுத்தால், ஒரு வகை பருத்து நீரிழிவுக்கு ஆளாகிறது. மற்றொரு வகை பெரும்பாலும் தப்பிக்கிறது. முதல்வகை எலிக்குச் சாதாரணத் தீவனம் கொடுத்தால் அதுவும் அவ்வாறு பருப்பதில்லை. மரபணு வழியைத் திறந்துவைக்கிறது. உணவுதான் அவ்வழியே உள்ளே வருகிறது. இரண்டும் சேரும்போதே நோய் உருவாகிறது.

கிடங்கிலிருந்து அலுவலகத்துக்குப் போகும் செய்தி

உடலில் கொழுப்புத் திசுவை வெறும் சேமிப்பு மூட்டை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தனர். அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் 1994-இல் லெப்டின் என்னும் ஹார்மோனுக்குரிய மரபணுவைக் கண்டறிந்தபோது அந்த எண்ணம் மாறியது.

பனியன் கம்பெனியின் நூல் கிடங்கை நினைத்துக்கொள்ளுங்கள். கிடங்கு நிரம்பினால் பொறுப்பாளர் அலுவலகத்துக்குத் தெரிவிப்பார். அலுவலகம் கொள்முதலை நிறுத்தும். கொழுப்புத் திசு அந்தக் கிடங்கு. லெப்டின் அது அனுப்பும் செய்தி. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் அந்த அலுவலகம். செய்தி அங்கே சேர்ந்ததும் சில நரம்பணுக்கள் மற்றொரு வேதிப்பொருளைச் சுரக்கின்றன. அது ‘மெலனோகார்ட்டின்-4 ஏற்பி’ என்னும் பூட்டைத் திறக்கிறது. பசி தணிகிறது, ஆற்றல் செலவு கூடுகிறது. இவ்வாறு ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் படிப்படியாகச் செய்தி கடத்தப்படும் முறையையே ‘சமிக்ஞைப் பாதை’ என்கிறோம். இதன் ஒவ்வொரு கண்ணியையும் ஒரு மரபணு உருவாக்குகிறது.

ஒரு கண்ணி அறுந்தால் என்ன ஆகும்? இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் சதஃப் ஃபரூக்கி, ஸ்டீஃபன் ஓ’ராஹிலி ஆகியோர் உள்ளிட்ட குழுவினர் 1997-இல் அதை விளக்கினர். பாகிஸ்தானிய வம்சாவளிக் குடும்பமொன்றில், நெருங்கிய உறவினரான இரு குழந்தைகள் பிறந்த சில மாதங்களிலேயே தணியாப் பசியுடன் பெருக்கத் தொடங்கியிருந்தனர். அவர்கள் உடலில் லெப்டின் உருவாகவே இல்லை. அவர்களுள் மூத்தவருக்கு ஊசிவழி லெப்டின் செலுத்தப்பட்டபோது பசி அடங்கி எடை இறங்கியது. அம்முடிவு 1999-இல் வெளிவந்தது. அதுவரை ‘அடக்கமில்லாத குழந்தை’ என்று எண்ணப்பட்ட குழந்தைக்கு உண்மையில் ஒரு ஹார்மோன் குறைபாடு இருந்தது.

இத்தகைய ஒற்றை மரபணுக் கோளாறு அரிது. பெரும்பாலோருக்கு லெப்டின் நன்றாகவே சுரக்கிறது. கொழுப்பு மிகுந்தவரிடம் அது மிகுதியாகவே இருக்கிறது. ஆனால் இனிப்பும் எண்ணெயும் மிகுந்த உணவு பல ஆண்டுகள் தொடரும்போது, மூளை அச்செய்திக்குச் செவிசாய்ப்பது குறைந்துவிடுகிறது. ஓயாமல் அடிக்கும் தொலைபேசியை ஒருகட்டத்தில் யாரும் எடுக்காமல் விடுவது போன்றது இது. கிடங்கு நிரம்பி வழிந்தாலும் அலுவலகம் கொள்முதலைத் தொடர்கிறது. எடையைக் குறைத்தவருக்கு முன்னைவிட அதிகமாகப் பசிப்பதும் இப்பாதையால்தான். கொழுப்பு குறைய, லெப்டினும் குறைகிறது. மூளை அதைப் பஞ்சம் என்று பொருள்கொள்கிறது. ஆகவே குறைந்த எடை மீண்டும் கூடிவிட்டவரை ‘மனவுறுதி இல்லாதவர்’ என்று குடும்பத்தார் பழிப்பது நியாயமாகாது.

சென்னை ஆய்வு காட்டியது

உடற்பருமனோடு தொடர்புடைய பொதுவான மரபணுக்களுள் பெரிதும் பேசப்படுவது எஃப்.டி.ஓ. இதன் பாதிப்பு வடிவத்தைத் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பெற்றவர்கள், பெறாதவர்களைவிடச் சராசரியாக ஏறத்தாழ 3 கிலோ கூடுதல் எடை உள்ளவர்கள் என்று 2007-இல் பிரிட்டனிலிருந்து வெளிவந்த ஆய்வு கூறியது. இவ்வடிவம் கொழுப்பணுக்களை எரிக்கும் வழியிலிருந்து சேமிக்கும் வழிக்குத் திருப்புகிறது என்பதை 2015-இல் மற்றோர் ஆய்வு விளக்கியது.

தென்னிந்தியரிடம் இது எவ்வாறு செயல்படுகிறது? சென்னை நகரில் 2001-இல் தொடங்கி, முதற்கட்டத்தில் 26,001 பேரை உள்ளடக்கிய ‘சென்னை நகர்ப்புற–கிராமப்புறத் தொற்றுநோயியல் ஆய்வு’ இதற்கு விடைதந்தது. மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையின் வி. மோகன், வி. ராதா ஆகியோரும், இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விமலேஸ்வரனும் இணைந்து, அவ்வாய்விலிருந்து 1,618 பேரின் மரபணுவையும் உணவையும் ஒருசேரப் பரிசீலித்து 2016-இல் முடிவை வெளியிட்டனர். மாவுச்சத்தை மிக அதிகமாக உண்ட பிரிவினரிடையே, எஃப்.டி.ஓ. பாதிப்பு வடிவம் உடையவர்க்கு உடற்பருமன் ஏற்படும் வாய்ப்பு, அவ்வடிவம் இல்லாதவரைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு இருந்தது. உடலுழைப்பு இல்லாதவரிடையே அது 1.9 மடங்காக இருந்தது.

ஒரே மரபணு, தட்டில் சோறு குவிந்திருக்கும்போதும் உடல் அசையாதிருக்கும்போதும் தன் வலிமையைக் கூடுதலாகக் காட்டுகிறது என்பதே இதன் பொருள். உலகின் பல நாடுகளைச் சேர்ந்த 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு 2011-இல் வெளிவந்த தொகுப்பாய்விலும், உடலுழைப்பு உள்ளவரிடம் எஃப்.டி.ஓ.வின் தாக்கம் ஏறத்தாழ 27 சதவீதம் குறைந்திருந்தது. பிறப்பில் கிடைத்த மரபணுவை மாற்ற இயலாது. அதன் குரலைத் தாழ்த்த இயலும்.

‘நான் ஒல்லிதானே’ என்போருக்கு

எடை குறைவாக உள்ளவர்கள் இக்கட்டுரையைத் தள்ளிவைத்துவிட வேண்டாம். புனே நகரின் மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யட்கினும் 2004-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் தங்கள் இருவரின் ஒளிப்படத்தையும் வெளியிட்டனர். இருவரின் உடல் நிறைக் குறியீட்டெண்ணும் 22.3. ஆனால் யட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம்; யாக்னிக் உடலில் 21.2 சதவீதம். தராசு ஒன்றுபோலக் காட்டிய இரு உடல்களின் உள்ளடக்கம் வேறாக இருந்தது.

இவ்வேறுபாடு கருவறையிலேயே தொடங்குகிறது. யாக்னிக் குழுவினர் புனே வட்டாரக் கிராமக் குழந்தைகளை இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டனர். பிறப்பு எடை இங்கே 2.7 கிலோ, அங்கே 3.5 கிலோ. நம் குழந்தைகளிடம் தசையும் உள்ளுறுப்புகளும் சிறுத்திருந்தன. தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை.

தசை குறைவாக இருப்பது ஏன் முக்கியம்? உணவுக்குப் பின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெருமளவு ஏற்றுக்கொள்வது தசையே. இன்சுலின் தசையணுவின் மேற்பரப்பைத் தொட்டதும் உள்ளே ஒரு சமிக்ஞை ஓடுகிறது. சர்க்கரையை உள்வாங்கும் வாயில்கள் மேற்பரப்புக்கு வந்து திறக்கின்றன. தசைக்குள்ளும் கல்லீரலுக்குள்ளும் கொழுப்பு படிந்தால் இச்சமிக்ஞை நடுவழியில் மங்குகிறது. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து ஈடுகட்டுகிறது, ஒருநாள் களைத்துப்போகிறது. நடக்கும்போதும் பளு தூக்கும்போதும், சுருங்கி விரியும் தசை இன்சுலினின் உதவி இல்லாமலேயே அவ்வாயில்களைத் திறந்துகொள்கிறது. சாப்பாட்டுக்குப்பின் 15 நிமிடம் நடக்கச் சொல்வது இதனால்தான்.

இதனாலேயே இந்தியர்க்குக் குறியீட்டெண் 23-ஐத் தாண்டினால் அதிக எடை, 25-ஐத் தாண்டினால் உடற்பருமன் என்று கணிக்கப்படுகிறது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருத்தல் நலம்.

இரவு ஷிப்டும் உடலின் கடிகாரமும்

நம் வட்டாரத்துக்கே உரிய மற்றொரு காரணத்தையும் சொல்லியாக வேண்டும். நிட்டிங்கிலும் சாயப்பட்டறையிலும் நூற்பாலையிலும் இரவு முழுவதும் பணிபுரிவோர் நம்மிடையே பலர். உடலின் ஒவ்வோர் அணுவிலும் பகல்–இரவை அறியும் கடிகார மரபணுக்கள் உள்ளன. அவை இயங்கும் விதத்தை வெளிப்படுத்தியோருக்கே 2017-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. இன்சுலின் எப்போது நன்கு வேலைசெய்ய வேண்டும், கல்லீரல் எப்போது சேமிக்க வேண்டும் என்பதை இக்கடிகாரமும் தீர்மானிக்கிறது. நள்ளிரவில் உண்ணும் பிரியாணியும் நண்பகலில் உண்ணும் பிரியாணியும் உடலுக்கு ஒன்றல்ல.

அமெரிக்காவில் 2009-இல் வெளிவந்த ஆய்வொன்றில், 10 பேரின் உறக்கத்தையும் உணவையும் படிப்படியாக முற்றிலும் தலைகீழாக்கியபோது, அவர்கள் லெப்டின் அளவு 17 சதவீதம் குறைந்தது. சர்க்கரை 6 சதவீதம் உயர்ந்தது. நிறைவுணர்வைத் தரும் செய்தி குறைந்ததால் பசி கூடும் நிலை உருவாயிற்று. 2021-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு நம்பிக்கை தருகிறது. இரவுப்பணிச் சூழலில் வைக்கப்பட்டவர்களுள், இரவிலும் உண்டவர்க்குச் சர்க்கரை உயர்ந்தது. பகலில் மட்டும் உண்டவர்க்கு உயரவில்லை.

ஆகவே இரவு ஷிப்டுக்குச் செல்வோர் முழு உணவை வேலைக்குக் கிளம்பும் முன்பே முடித்துக்கொள்ளலாம். நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே மோர், சுண்டல், வேர்க்கடலை போன்ற சிறிதளவு உணவோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் இன்சுலின் ஊசி போடுவோரும் சர்க்கரை மாத்திரை உட்கொள்வோரும் மருத்துவரைக் கேட்காமல் எந்த வேளை உணவையும் தவிர்க்கக் கூடாது. சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து, இயந்திரத்தின் அருகில் மயக்கம் ஏற்பட்டால் உயிருக்கே ஆபத்தாகும்.

உங்கள் மதிப்பெண் எவ்வளவு?

பரம்பரையின் பங்கையும் நம் பங்கையும் பிரித்துக் காட்டும் எளிய கணக்கு ஒன்று உண்டு. மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை 2005-இல் வெளியிட்ட ‘இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்’ அது. வீட்டிலேயே கணக்கிடலாம்.

வயது: 35-க்குக் கீழ் 0, 35 முதல் 49 வரை 20, 50-உம் அதற்கு மேலும் 30.

இடுப்புச் சுற்றளவு: பெண்களுக்கு 80 செ.மீ.க்குக் கீழ் 0. 80 முதல் 89 வரை 10. 90-உம் அதற்கு மேலும் 20. ஆண்களுக்கு 90-க்குக் கீழ் 0. 90 முதல் 99 வரை 10. 100-உம் அதற்கு மேலும் 20.

உடலுழைப்பு: உடற்பயிற்சியும் கடின உடலுழைப்பும் இருந்தால் 0; இரண்டில் ஒன்று இருந்தால் 20; இரண்டும் இல்லையெனில் 30.

குடும்பம்: பெற்றோர் இருவருக்கும் நீரிழிவு இல்லையெனில் 0, ஒருவருக்கு இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20.

கூட்டுத்தொகை 60 அல்லது அதற்கு மேல் எனில் அபாயம் அதிகம். இரத்தச் சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 42 வயதுள்ள பெண் தையற்கலைஞர் ஒருவரைக் கொள்வோம். வயதுக்கு 20, தாய்க்கு நீரிழிவு இருப்பதால் 10, இடுப்புச் சுற்றளவு 84 என்பதால் 10, அமர்ந்தே செய்யும் வேலைக்கு 30. மொத்தம் 70. இவற்றுள் வயதும் குடும்பமும் சேர்ந்த 30 அவர் கையில் இல்லை. எஞ்சிய 40 அவரைச் சார்ந்தது. அன்றாடம் அரைமணி நேரம் வேகமாக நடந்தால் 10 குறையும். இடுப்பு 80-க்குக் கீழ் வந்தால் மேலும் 10 குறையும். 70 என்பது 50 ஆகிவிடும். பெற்றோரை மாற்றாமலே அபாயக்கோட்டுக்குக் கீழே அவர் வந்துவிடுகிறார்.

இது ஏட்டுக்கணக்கு மட்டுமன்று. சென்னை மருத்துவர் அ. ராமச்சந்திரனும் குழுவினரும், நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை மூன்றாண்டு கண்காணித்து 2006-இல் முடிவை வெளியிட்டனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களுள் 55 சதவீதத்தினர் நீரிழிவுக்கு ஆளாயினர். உணவையும் உடலுழைப்பையும் சீர்செய்தவர்களுள் 39.3 சதவீதத்தினரே ஆளாயினர். அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். தராசு நகரவில்லையே என்று நடையை நிறுத்திவிடுவோர்க்கு இது மிக முக்கியமான செய்தி. எடை இறங்காத மாதங்களிலும் உள்ளே இன்சுலினின் பாதை சீராகிக்கொண்டிருக்கலாம்.

வீட்டிலும் வேலையிடத்திலும்

சோற்றை முற்றிலும் விலக்க வேண்டியதில்லை. தட்டில் பாதியைக் காய்கறிக்கு ஒதுக்கி, கால்பங்கைப் பருப்பு, பயறு, கொள்ளு, முட்டை அல்லது மீனுக்கு அளித்து, எஞ்சிய கால்பங்கில் சோறோ களியோ வைத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் வழக்கமான அரிசியும்பருப்புச் சோற்றில் பருப்பைக் கூட்டி அரிசியைக் குறைத்தாலே நல்ல தொடக்கம்.

டீயில் கவனம் தேவை. ஒரு டீக்கு இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை எனில், நாளொன்றுக்கு 5 டீயில் 50 கிராம் சேர்ந்துவிடுகிறது. அது 200 கலோரி. சேர்க்கப்படும் சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராம் அளவுக்குள் இருப்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. கடைக்காரரிடம் ‘சர்க்கரை பாதி’ என்று சொல்லிப் பழகுங்கள். இரண்டு வாரத்தில் நாக்கு ஏற்றுக்கொள்ளும். நாட்டுச்சர்க்கரையும் இக்கணக்கில் சர்க்கரையே.

அமர்ந்து வேலை செய்வோர் இடைவேளையில் டீக்கடை வரையாவது நடந்து செல்லுங்கள். சனிக்கிழமைச் சம்பளத்தன்று குடும்பத்தோடு வெளியே உண்பது மகிழ்ச்சிக்குரியது. அம்மகிழ்ச்சி வாரத்தில் ஒருவேளையாக இருக்கட்டும்.

குழந்தைகளைப் பற்றி ஒரு வேண்டுகோள்

தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடைபெறுகின்றன. முன்னர்க் கூறிய அரிய ஒற்றை மரபணுக் கோளாறுகள் இத்தகைய குடும்பங்களில் வெளிப்படும் வாய்ப்புக் கூடுதல். ஐந்து வயதுக்கு முன்பே மிகையாகப் பெருத்தல், எவ்வளவு உண்டாலும் தணியாத பசி, உணவைத் தேடி அலைதல், வளர்ச்சியிலோ கற்றலிலோ பின்தங்குதல், வயதுக்குரிய உயரம் இல்லாமை ஆகியவற்றுள் எதுவும் தென்பட்டால் குழந்தைநல மருத்துவரிடம் காட்டுங்கள். இவற்றுள் சில கோளாறுகளுக்கு இன்று மருந்தும் உள்ளது. மற்றவர்க்கு மரபணுப் பரிசோதனை பொதுவாகத் தேவைப்படுவதில்லை. அதற்குச் செலவிடும் பணத்தைவிட ஓர் அளவுநாடா உங்களுக்கு அதிகம் சொல்லும்.

எந்தக் குழந்தையையும் உறவினர் முன்னிலையில் ‘குண்டு’ என்று அழைக்காதீர்கள், தட்டைப் பிடுங்காதீர்கள். அந்தக் குழந்தைக்கு மட்டும் தனி உணவு என்றில்லாமல் வீடு முழுவதும் ஒரே உணவுமுறைக்கு மாறுங்கள். மரபணுவைக் கொடுத்த பெற்றோர்க்கும் அதே அபாயம் இருப்பதால், அம்மாற்றம் அவர்களுக்கும் மருந்தாகும்.

எடைகுறைப்பு ஊசிகளைப் பற்றிப் பலர் கேட்கின்றனர். குடலில் சுரக்கும் நிறைவுணர்வு ஹார்மோனைப் போலச் செயல்படும் அம்மருந்துகள் தகுதியானவர்க்குப் பயன் தருகின்றன. ஆயினும் மருத்துவர் பரிந்துரையின்றி அவற்றை வாங்கக் கூடாது. நாட்டு மருந்து, பொடி என எதை உட்கொண்டாலும் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம்.

அடுத்தமுறை எங்களிடம் வரும்போது உங்கள் இடுப்புச் சுற்றளவையும், மேற்கூறிய மதிப்பெண்ணையும், குடும்பத்தில் யார் யாருக்கு எந்த வயதில் நீரிழிவோ மாரடைப்போ வந்தது என்ற விவரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். இரவு ஷிப்ட் செல்பவரானால் சாப்பிடும் நேரங்களையும் குறித்து வாருங்கள். உங்களுக்கு உகந்த உணவையும் உழைப்பையும் நாம் சேர்ந்து திட்டமிடுவதற்கு அந்த ஒரு தாள் பேருதவியாக இருக்கும்.